எண்ணெய்க்குப் பிறகுதான் மா

மகனுக்கு ஐந்து மாதம் நிறைந்த கிழமையில், அவனை முழுகவார்த்துத் துவாயில் சுற்றி எடுத்தபோது, இரண்டு கன்னங்களிலும் கால்களின் முன்புறத்திலும் தோல் சிவந்து, மணல் ஒட்டியதுபோலச் சொரசொரத்திருந்ததைக் கண்டேன். இரண்டு நாட்களில் சிவப்பின் ஓரங்களில் நீர் கசியத் தொடங்கியது. இரவு முழுவதும் கன்னத்தை என் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதான். அம்மா பார்த்த உடனேயே "கரப்பன்" என்றார், எக்ஸிமா என்கிற தோல் அழற்சி. விடிந்ததும் வெளிச்சத்தில் அவனுடைய கழுத்து மடிப்பை மெல்ல விரித்துப் பார்த்தேன். முதல் நாள் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவிய குளியல் மா, ஈரம் காய்ந்து, மடிப்பின் அடியில் மெல்லிய மஞ்சள் கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோட்டின் இரு கரையிலும் தோல் பழுத்த கொய்யாவின் உட்புறம்போலச் சிவந்திருந்தது.

அந்த மா அம்மா செய்தது. புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையில் உள்ள நாட்டுமருந்துக் கடையொன்றில் கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், காய்ந்த ரோசா இதழ் எல்லாம் வாங்கி, பயறும் கடலைப்பருப்பும் சேர்த்து, தோடம்பழத் தோலையும் வேப்பிலையையும் மொட்டைமாடியில் காயவைத்து, வெள்ளவத்தையில் எங்களுக்குக் கிட்டவுள்ள மில்லில் கொடுத்து அரைத்து, ஒரு பெரிய போத்தல் நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தார். எனது மூத்த மகளும் அம்மாவின் மாவில்தான் வளர்ந்தாள், நானும் அப்படித்தான். ஆகவே "இந்த மாவால்தான் வந்தது" என்று நான் சொன்ன வார்த்தை அம்மாவை எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்பதை, அவர் பதில் பேசாமல் போத்தலை எடுத்துச் சென்று அலுமாரியின் பின்புறம் வைத்தபோதுதான் உணர்ந்தேன். அன்றிரவு ஒரேயொரு வசனம் சொன்னார்: "உன்னையும் இதாலதான் பிள்ளை வளர்த்தனான்."

தோல் வைத்தியர் மாவை உடனே நிறுத்தச் சொன்னார். சிவந்த இடங்களுக்கு மெல்லியதாகப் பூச ஒரு வீதம் ஐதரோகோட்டிசோன் களிம்பும், குளித்த கையோடு ஈரம் உலருமுன் உடம்பெல்லாம் பூச வாசனையற்ற பெற்றோலியம் ஜெலியும் எழுதித் தந்தார். குளியல் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார். பத்து நாட்களில் கன்னம் தெளிந்தது. விடயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும், எனக்கு முடியவில்லை. நான் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிப்பவள். "இயற்கையானது ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை எவ்வளவு நம்ப முடியாதோ, "பழைய காலத்து மாவையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதுதான்" என்ற பேச்சையும் அவ்வளவே நம்ப முடியவில்லை. மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் தோலுக்கு இதமாக இருந்த ஒரு பொருள் நான்காவது தலைமுறையில் ஒரு குழந்தையைச் சுட்டது ஏன் என்ற கேள்வி, பாடக்குறிப்பு எழுதும்போதும் பேருந்தில் போகும்போதும் என்னைத் தொடர்ந்து வந்தது.

ஒரு பகுதிக்கு விடை மகனின் தோலிலேயே இருந்தது. பிறந்த குழந்தையின் தோல் மேற்பரப்பு நடுநிலைக்குக் கிட்டவே இருக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பீஎச் பெறுமானம் (ஏழு நடுநிலை, குறையக் குறைய அமிலம்) ஆறுக்கு மேல். அடுத்து வரும் வாரங்களில் அது படிப்படியாகக் குறைந்து, பெரியவர்களுக்கு இருப்பதுபோல் ஐந்தரையை அண்டிய மெல்லிய அமிலத்தன்மையை அடைகிறது. தோலின் மேற்படையைச் செங்கற்களாகவும் சாந்தாகவும் நினைத்தால், சாந்து இறுகுவதற்கு அந்த அமிலத்தன்மை வேண்டும். கரப்பன் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்தச் சாந்து பிறப்பிலேயே சற்றுத் தளர்வானது. மகளின் தோலும் மகனின் தோலும் ஒரே வயிற்றில் உருவானவை என்றாலும் ஒரே தோல் அல்ல. இது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் இது முழு விடையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் மா குற்றமற்றது என்று இது சொல்லவில்லை. மா எந்த இடத்தில் குற்றவாளி ஆனது என்றும் சொல்லவில்லை.

நுணுக்குக்காட்டியின் கீழே

ஒரு வெள்ளிக்கிழமை, அலுமாரியின் பின்னிருந்த போத்தலில் ஒரு கரண்டி மாவை எடுத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். மாணவர்கள் போன பின், ஒரு துளி நீரில் அதைக் கலந்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியின் கீழே பார்த்தேன். விரல்களுக்கு இடையில் மிருதுவாகத் தெரிந்த மா, அங்கே உடைந்த ஓடுகளின் குவியலாக இருந்தது. பயற்றின் தோல் பச்சைச் சில்லுகளாக, விளிம்புகள் கூராகக் கிடந்தது. வெட்டிவேரின் நார் ஊசிகள்போல நீண்டு கிடந்தது. அவற்றுக்கு நடுவே நான் எதிர்பாராத சில செந்நிறத் துணுக்குகள் இருந்தன. வீட்டுக்கு வந்து மாவில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். முதலில் கசந்தது; சற்று நேரத்தில் நாக்கின் நுனி மெல்ல எரிந்தது. நாங்கள் மாவை அரைக்கக் கொடுத்தது மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லில். எந்த மில்லிலும் முந்தியவர் அரைத்ததில் ஒரு பிடி பொறியின் உள்ளே தங்கத்தான் செய்யும். அடுத்துக் கொடுப்பவரின் மாவோடு அது வரும். கறித்தூளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஐந்து மாதக் குழந்தையின் கன்னம் வேறு.

மஞ்சளையும் சந்தேகித்தேன். கஸ்தூரி மஞ்சள் என்று கடைகளில் விற்கப்படுவது பல வேளைகளில் பூலாங்கிழங்கு. சாதாரண மஞ்சள் தூளிலும் நம்பிக்கை குறைந்துதான் போயிற்று; 2020இல் இறக்குமதி தடைப்பட்டு விலை மலைபோல் ஏறிய காலத்தில் மஞ்சளில் என்னவெல்லாம் கலந்தார்கள் என்பதை இங்கு எல்லோரும் அறிவோம். தேசிக்காய் போன்ற தோடை இனப் பழங்கள் சிலவற்றின் தோலில், வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்கச் செய்யும் சேர்வைகள் உண்டு. வாசத்துக்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக நின்றது.

ஆனால் என்னை மிகவும் அசைத்தது, எதிலும் கலப்படம் இல்லாத வெறும் பயறும் கடலையும்தான். இவை உணவுப் புரதங்கள். 2003இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும், குழந்தைப் பருவத்தில் அவர்களுடைய தோலில் பூசப்பட்ட நிலக்கடலை எண்ணெய் சேர்ந்த பூச்சுகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பயன்படுத்திய 2,000க்கும் அதிகமானோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமையாகி, 2011இல் அந்தச் சவர்க்காரம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மறுபக்கம், 2015இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளுள் சிறுவயதிலேயே நிலக்கடலையை உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒவ்வாமை மிகவும் குறைவாகவே வந்தது. வாய் வழியாக வரும் உணவை உடம்பு பெரும்பாலும் உறவாக ஏற்றுக்கொள்கிறது. வெடித்த தோலின் வழியாக நுழைவதைப் பகையாகக் குறித்துவைக்கக்கூடும். நீர் கசியும் கன்னத்தில் கடலைமாவைத் தேய்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் அன்றுவரை அந்த வகையில் நினைத்துப் பார்த்ததில்லை.

சவர்க்காரம் காய்ச்சிய கதை

இடையில் வேறொரு வழியையும் பார்த்தேன். மா வேண்டாம் என்றால் வீட்டிலேயே மென்மையான சவர்க்காரம் செய்யலாமே என்று, தேங்காய் எண்ணெயில் சோடியம் ஐதரொட்சைட்டு என்ற வன்காரத்தின் கரைசலைச் சேர்த்துக் கலக்கி, அச்சில் ஊற்றி, ஆறு கிழமை ஆறவைத்தேன். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகள் இருவரும் வீட்டில் இல்லாத நாளில்தான் செய்தேன். அந்தக் காரத்தின் ஒரு துளியும் ஒரு குழந்தையின் தொண்டையைப் பொசுக்கிவிடும். வெள்ளை வெளேரென்று அழகான கட்டிகள் கிடைத்தன. நீரில் கரைத்துப் பீஎச் தாளை நனைத்தேன். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் நின்றது. என் செய்முறையில் பிழை இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாகும் எந்தச் சவர்க்காரமும் அங்கேதான் நிற்கும். தேசிக்காய்ப் புளி விட்டு அதை ஐந்தரைக்கு இறக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இறக்கினால் அது சவர்க்காரமாக இராது, மீண்டும் கொழுப்பமிலமாகப் பிரிந்து மிதக்கும். அதிலும் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம் என்பதால், அந்தச் சவர்க்காரம் எண்ணெய்ப் பசையை மிகுந்த வேகத்தோடு உரித்து எடுக்கும். பாத்திரம் கழுவ அருமையானது. அந்தக் கட்டிகளை அதற்கே பயன்படுத்தினோம்.

ஆனால் அந்தச் சவர்க்காரம் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்தது: தண்ணீரைப் பற்றி நினைக்க வைத்தது. கொழும்பின் குழாய் நீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றிலிருந்தும் வருவது, கல்சியம் குறைந்த மென்னீர். ஒரு தேய்ப்பில் நுரை பொங்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டப்பட்டவை. அந்த நீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, கரையாத வெண்படலமாகத் தோலிலும் வாளியிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே சிறுபிள்ளையாக இருந்தபோது, சவர்க்காரம் போட்டுக் குளித்த பின் கையில் ஏதோ பூசியதுபோல ஒட்டும் உணர்வு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பயற்றம் மாவுக்கும் அரப்புக்கும் அந்தத் தொல்லை இல்லை. இப்படிக் கல்சியம் மிகுந்த வன்னீர் அவற்றைத் திரிய வைக்காது. எங்கள் முன்னோர் மாவைத் தேர்ந்தது வெறும் வழக்கத்தால் மட்டும் இராது. கிணறும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பகுதி ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் வன்னீர் உள்ள இடங்களில் கரப்பன் கூடுதலாகக் காணப்பட்டதையும், 336 பிள்ளைகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டு நீரை மென்மையாக்கிப் பார்த்தும் நோய் அதனால் தணியவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தபோது, நீரை மட்டும் குற்றம் சாட்டவும் முடியாது என்று புரிந்தது. ஆனாலும் கிணற்றடியில் பிறந்த செய்முறையை ஆற்று நீருக்கு ஒன்றும் மாற்றாமல் கொண்டுவந்திருக்கிறோம் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பெரியம்மா கேட்டது

பருத்தித்துறையில் இருக்கும் பெரியம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளைக் காலில் கிடத்தி முழுகவார்த்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவரோடு தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். மாவில் என்னென்ன போட்டோம், எங்கே அரைத்தோம் என்று நான் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போக, அவர் இடைமறித்து ஒன்றுதான் கேட்டார்.

"எண்ணெய் என்ன பூசினனீங்கள் மோனை?"

எண்ணெய் பூசவில்லை என்றேன். மூத்தவளுக்கு அம்மா பூசினார். அப்போது அம்மாவின் முழங்கால் நன்றாக இருந்தது, எனக்கும் ஆறு மாதம் விடுமுறை கிடைத்தது. மகனுக்கு எல்லாமே அவசரம். வழுக்கும் குழந்தையைக் குளியலறைப் பேசினில் பிடிக்க அம்மாவுக்குப் பயம். காலையில் ஏழு மணிக்கு நான் வெளிக்கிட வேண்டும். எண்ணெய் விடுபட்டது. மா மட்டும் நின்றது.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பெரியம்மா, கோபமே இல்லாமல், ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார்: "மா பிள்ளையைத் துப்புரவாக்கவே போடுறது? பால் குடிக்கிற பிள்ளையில என்ன ஊத்தை? எண்ணெயை எடுக்கவெல்லோ மா. எண்ணெய் இல்லாத பிள்ளைக்கு மா என்னத்துக்கு?"

தொலைபேசியை வைத்த பின் நான் எழும்பவில்லை. இத்தனை கிழமையாக மாவுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். மாவுக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. மாப்பொருளும் புரதமும் எண்ணெயை உறிஞ்சும். அதுதான் அதன் முழு வேலை. தோலின் மேல் தாராளமாக எண்ணெய் இருக்கும்போது மா அந்த மிகுதியை எடுக்கும், தோலைத் தொடாது. பூசிய எண்ணெய் இல்லையென்றால் அது எடுப்பதற்கு இருப்பது தோலின் சொந்தப் பசை மட்டுமே. ஏற்கெனவே சாந்து தளர்ந்த சுவரிலிருந்து மிச்சச் சாந்தையும் சுரண்டுவது போன்றது. அதன் பிறகு பெரியம்மாவிடம் பல தடவை பேசி, விடுபட்ட மற்றவற்றையும் எழுதிக்கொண்டேன். பயற்றைத் தோல் நீக்கித்தான் அரைப்பார்களாம். வீட்டுத் திருகையில் அரைத்து, அரிதட்டில் அரித்த பிறகு, பழைய வேட்டித் துணியில் மறுபடி அரிப்பார்களாம். துணியின் மேலே தங்கும் கப்பி பெரியவர்களுக்கு, கீழே விழுவது பிள்ளைக்கு. ஒரு கிழமைக்குத் தேவையானது மட்டுமே. கன்னத்திலும் கண்ணோரத்திலும் மா படவே விடமாட்டார்களாம். உடம்பில் கரப்பன் கண்டால் அது ஆறும்வரை மா இல்லை, வெறும் இளஞ்சூட்டு நீர்தான். பொருட்களின் பட்டியலை அம்மா ஒன்றும் விடாமல் காப்பாற்றிக் கொண்டுவந்தார். பட்டியலைச் சுற்றி இருந்த கையும் காலமும் இடப்பெயர்வுகளில், தொடர்மாடி வீடுகளில், வேலைக்குப் போகும் காலைகளில் கரைந்துபோயின. அதற்கு அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன உரிமை? எண்ணெய் பூச அரை மணி நேரத்தை அந்தக் காலைகளிலிருந்து எடுத்தவள் நானும்தான்.

அன்றிரவு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மா பிழையில்லை என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த மா பிழைதான். அதை அவர் ஒருவர் தலையில் போட்டது பிழை என்று சொன்னேன்.

இப்போது எங்கள் வீட்டில் செய்வது

மகனுக்கு இப்போது ஒரு வயது ஆகப்போகிறது. அவனுக்காக நான் செய்யும் குளியல் பொருள் ஒன்றுமில்லை. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். உடல் வெப்பத்தை ஒத்த, முப்பத்தேழு பாகை அளவிலான நீரை முழங்கையால் பார்த்து எடுக்கிறோம். மலசலம் துடைக்கும் இடத்துக்கு மட்டும், மருந்தகத்தில் வாங்கிய, வாசனையற்ற, அமிலத்தன்மை சரிசெய்த கழுவு திரவம் ஒரு சொட்டு. துவாயால் ஒற்றி எடுத்தவுடன் ஜெலி. குளிக்கும் நீரில் ஊற்றும் மென்மையாக்கிகளை வாங்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். கரப்பன் உள்ள 482 பிள்ளைகளிடம் பிரித்தானியாவில் அவற்றைச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவு, அதனால் பயன் எதுவும் காணப்படவில்லை என்கிறது. நேரே தோலில் பூசுவதுதான் வேலை செய்கிறது.

எண்ணெயைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஒலிவ் எண்ணெயை விலை கொடுத்து வாங்கிக் குழந்தைக்குப் பூச வேண்டாம். அது தோலின் தடுப்புச் சுவரைத் தளர்த்துவதாக பெரியவர்களிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் ஊர்த் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல பெயர் உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பன் உள்ள 117 பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையில், சூடாக்காமல் எடுத்த தேங்காய் எண்ணெய், தோலுக்குப் பூசும் கனிய எண்ணெயைவிட நன்றாகவே செயற்பட்டது. வெடிப்பில்லாத தோலுக்கு மெல்லியதாகப் பூசலாம். மூக்கிலும் காதிலும் விடுவது வேண்டவே வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கக்கூடும்.

மா, ஏழு வயதாகும் மகளுக்குத்தான். கால் கிலோ தோல் நீக்கிய பயற்றைக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர்த்தி, தாச்சியில் ஈரப்பதம் போக மட்டும் இலேசாகச் சூடுகாட்டி, மிளகாய் ஒருநாளும் தொடாத சிறு கிரைண்டரில் நானே அரைக்கிறேன். அரிதட்டுக்குப் பிறகு துணியில் அரிப்பது அம்மா. மஞ்சள் இல்லை, வேர் இல்லை, பழத்தோல் இல்லை, வாசனை இல்லை. உலர்ந்த போத்தல், உலர்ந்த கரண்டி, அரைத்த திகதி எழுதிய தாள். ஆறு கிழமைக்கு மேல் வைப்பதில்லை. குளிக்கும் வேளையில்தான் நீரில் குழைக்கிறோம், மிஞ்சியதை அப்போதே கொட்டிவிடுகிறோம். கொழும்பின் வெக்கையில் ஈரமான மா, கிருமிகளுக்குச் சமைத்து வைத்த சோறு. குழைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் களிகள், போத்தலில் அடைத்து விற்கும் வேப்பிலை நீர் போன்றவை, பாதுகாப்புப் பொருள் சேராதவரை எனக்கு அச்சமூட்டுகின்றன. நீர் சேர்ந்த எதையும் அந்தந்த நாளுக்கே செய்ய வேண்டும். என்னிடம் மா கேட்கும் அயல்வீட்டுத் தாய்மாரிடம் முதலில் பிள்ளையின் தோலைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமைகளில் மகள் எண்ணெய் வடிய மொட்டைமாடியில் அரை மணி நேரம் ஓடித் திரிந்துவிட்டு வருவாள். அம்மா கதிரையில் இருந்தபடியே அவளுடைய முதுகிலும் கைகளிலும் மாவைத் தடவுவார், தேய்ப்பதில்லை, தடவுவார். எண்ணெயில் பட்ட மா சிறு திரிகளாக உருண்டு விழும். சென்ற கிழமை மகன் தவழ்ந்து வந்து அக்காவின் காலடியில் விழுந்த ஒரு திரியைப் பிடிக்கப் பார்த்தான். அம்மா அவனுடைய கையை எடுத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்து, கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. இன்னும் ஆறு மாதம் இப்படியே இருந்தால், அவனுக்கும் மா பூசலாமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை போத்தல் அலுமாரியின் முன்வரிசையில்தான் இருக்கிறது, மகளின் பெயர் எழுதிய தாளோடு.